நாலு டிஷ், நாலு மைனஸ்

குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்பினேன். வாரத்தில் இரண்டு நாள் பம்பாய் செம்பூரில் உள்ள அலுவலகத்துக்கு. மற்ற மூன்று நாள் அதே செம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துவிடுவேன். மாட்டுங்காவில் என் அம்மா இருக்கும் கட்டடத்தில் நான்கு மாடிக்காரர்களும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். தாராவியிலிருந்து பஸ் ஏறி வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மட்டும் அந்தப் பதிலோடு நிற்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல என்னம்மா செய்யுதீய?"

"பெரிய பெரிய டிஷ் ஆன்டெனா இருக்குக்கா. மலைக்கு அந்தப் பக்கம், வெங்காயம் போடற ஊருங்க நடுவுல நிக்குது. வானத்துலேருந்து வர ரேடியோ அலையை வாங்கும். அது பாக்க வேண்டிய இடத்தைத்தான் பாக்குதான்னு நான் பாக்கணும்."

"அது வானத்தப் பாக்கும், நீங்க அதப் பாப்பீய."

"ஆமா."

"ஒங்கள யாரு பாப்பாவ?"

"எங்க சார்."

"சரிதான். புள்ளைய நான் பாக்கேன்" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் போனார். போகிறபோது திரும்பி, "பட்டப்பகல்ல என்ன நட்சத்திரமோ" என்றார். ரேடியோ அலை பகலிலும் வரும், சூரியன் இருந்தாலும் வரும் என்று விளக்க வாயெடுத்தேன். கேட்க ஆளில்லை.

அக்கா அதைத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் தேவை, அதனால் சொல்லிவிடுகிறேன். ஒரு டிஷ்ஷிடம் வானத்தில் ஓர் இடத்தைக் காட்டி "அங்கே பார்" என்று கட்டளை கொடுத்தால், அது மெதுவாகத் திரும்பி "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று கம்ப்யூட்டரில் பதில் கொடுக்கும். என் கணவர் கையில் போனை வைத்துக்கொண்டு "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பாரே, அந்த ரகப் பதில். பொய் இல்லை. ஆனால் அது பார்க்கும் இடம் நாம் சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும். டிஷ் தன் எடையாலேயே தொங்கும். அச்சு இம்மியளவு சாய்ந்திருக்கும். வெயில் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கும். கோணத்தைக் காட்டும் கருவியைக் கழற்றி மாட்டினால் முன்பு இருந்த மாதிரியே உட்காராது. முழு நிலாவின் அகலம் முப்பது ஆர்க்மினிட் என்று வைத்துக்கொண்டால், எங்கள் சண்டையெல்லாம் ஐந்துக்கும் எட்டுக்கும்தான்.

எவ்வளவு தள்ளிப் பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் பொறுப்பில் பன்னிரண்டு டிஷ் இருந்தன. வானத்தில் பிரகாசமான ஒரு ரேடியோ மூலத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதன் பக்கம் திருப்புவோம். பாதி டிஷ்கள் அதைப் பிடித்தபடி அப்படியே இருக்கும். மீதிப் பாதியை வேண்டுமென்றே விலக்கி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை படிப்படியாக நகர்த்துவோம், பிறகு கீழிருந்து மேலாக. இரண்டு பாதியையும் இணைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் சிக்னல் ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். அந்த உச்சி நாம் சொன்ன இடத்தில் இல்லாமல் எட்டு ஆர்க்மினிட் தள்ளி வந்தால், அந்த டிஷ் அவ்வளவு தவறாகப் பார்க்கிறது என்று பொருள். பிறகு முறை மாறும். நகர்ந்தவை நிற்கும், நின்றவை நகரும்.

நான் விடுப்பில் இருந்தபோது நான்கு டிஷ்களில் கோணம் காட்டும் கருவியை மாற்றியிருந்தார்கள். அந்த நான்கையும் புதிதாக அளந்து, எவ்வளவு திருத்தம் போட வேண்டும் என்று பட்டியல் கொடுப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும். அன்று காலை பதினொன்றிலிருந்து எட்டு மணி நேரம் ஓர் ஆராய்ச்சி மாணவிக்கு ஒதுக்கியிருந்தார்கள். உல்லாஸ்நகர்ப் பெண். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு ஒரு மங்கலான விண்மீன் மண்டலத்தை அவள் பார்க்க வேண்டும். இதை விட்டால் அடுத்த வாய்ப்புக்கு அரை வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவள் உதவித்தொகை முடிந்துவிடும். இதையெல்லாம் எனக்குச் சொன்னது எங்கள் சார். சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் என்னிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஏனென்றால் நான் சந்தேகப் பிராணி. சமையல் கேஸை மூடிவிட்டேனா என்று லிஃப்டில் இறங்கியபின் மேலே வந்து பார்ப்பேன். மூடியிருப்பதைப் பார்த்ததும், பார்க்க வந்தபோது தெரியாமல் திறந்துவிட்டேனோ என்று தோன்றும். குழந்தை பிறந்தபின் இது முற்றியது. காலையில் ஃபேன் காற்று என்று குழந்தைக்குத் தொப்பி போடுவேன். அக்கா வந்ததும் "வேர்க்கும்லா" என்று கழற்றிவிடுவார். என் கணவர் சாயங்காலம் ஐரோலியில் வேலை முடிந்து வந்து, நான் போட மறந்துவிட்டேன் என்று நினைத்துப் பாசத்தோடு போடுவார். அவர் போட்டது என்று தெரியாமல், காலையில் நான் போட்டதுதான் இன்னும் தலையில் இருக்கிறது என்று நினைத்து நான் கழற்றுவேன். ஒருநாளும் நாங்கள் மூவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

"உன் டிகிரி எதுலம்மா? எலெக்ட்ரானிக்ஸ்லயா, சந்தேகத்துலயா?" என்று எங்கள் சார் கேட்பார். அவரும் மாட்டுங்காக்காரர்தான். கேலி செய்யாத நாளில் உடம்பு சரியில்லையோ என்று நாங்கள் விசாரிப்போம்.

செவ்வாய்க்கிழமை அளந்தோம். குழந்தை மடியில் உட்கார்ந்து லேப்டாப்பின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருக்க, திரையில் மலை மலையாகச் சிக்னல் ஏறி இறங்கியது. தொலைநோக்கி இருக்கும் இடத்தில் டிஷ்களை இயக்குபவர் ஒரு மராத்திக்காரர். எங்கள் பேச்சு பம்பாய் ஹிந்தியில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். "ஹோ ஜாயேகா" என்ற அவருடைய ஒரு சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன், அதற்குத் தமிழில் அத்தனை நிம்மதி வராது. எதைக் கேட்டாலும் ஆகிவிடும் மேடம் என்பார். ஆகிவிடும்.

எட்டு டிஷ்களில் குறை ஒன்றுமில்லை. கருவி மாற்றிய நான்கும் ஏறத்தாழ எட்டு ஆர்க்மினிட் மேலே பார்த்தன. வழக்கப்படி, திருத்தத்தைப் போட்டபின் அதே மூலத்தை இன்னொரு முறை அளந்து சரிபார்க்க வேண்டும். ஆனால் அன்று பிற்பகல் மே மாதக் காற்று எழுந்துவிட்டது. காற்று பலமானால் டிஷ்களை நேர்மேலே பார்க்க வைத்துப் பூட்டிவிடுவார்கள். காற்று அடங்கியபோது எங்கள் நேரம் முடிந்து வேறொருவர் நேரம் தொடங்கிவிட்டது. சரிபார்ப்பு தள்ளிப்போனது. தள்ளிப்போனது என்று நான் குறித்தும் வைத்தேன்.

இனி மைனஸ் கதை.

டிஷ் எட்டு ஆர்க்மினிட் மேலே பார்க்கிறது என்றால் அதை எட்டு கீழே இறக்க வேண்டும். அளந்தது பிளஸ் எட்டு, போட வேண்டியது மைனஸ் எட்டு. அதாவது அளந்த எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் போட வேண்டும். ஒரே ஒரு தடவை. இதைச் செய்ய மறந்தால் டிஷ் இறங்காமல் இன்னும் எட்டு ஏறி, பதினாறு தள்ளிப் பார்க்கும். பாதி நிலாவுக்கும் மேல்.

நான் மைனஸ் போட்டேன். போட்டதை எடுத்தேன். காகிதத்தில் ஒரு டிஷ் வரைந்து, அம்புக்குறி போட்டு, தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து மறுபடியும் போட்டேன். அக்கா சமையலறை வாசலில் நின்று என் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுத்துப் பிடிச்சிருக்கா? தைலம் தேய்க்கவா?"

"இல்லக்கா, வேலை."

"இது நல்ல வேலயா இருக்கே" என்று குழந்தையிடம் சொன்னார். "ஒங்கம்மாக்குத் தலையாட்டுததுக்குச் சம்பளம் குடுக்காவ ட்டீ."

புதன்கிழமை காலை பட்டியலைச் சாருக்கு அனுப்பினேன். அவர் அதைத் தொலைநோக்கித் தளத்துக்கு அனுப்பினார். வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான்.

வியாழக்கிழமை மத்தியானம், குழந்தை தூங்கிய நேரத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று சார் தளத்துக்கு அனுப்பிய மெயிலைத் திறந்தேன். நான்காம் தடவை என்று நினைக்கிறேன். ஆனால் முதல் மூன்று தடவையும் நான் அனுப்பியதைத்தான் பார்த்திருந்தேன். அவர் அனுப்பியதைப் பார்க்கவில்லை. அதில் நான்கு டிஷ்ஷுக்கும் பிளஸ் எட்டு என்று இருந்தது.

சார் மாற்றியிருக்கிறார். மைனஸ் போட நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, புதிதாகத் திரும்பி வந்த பெண்ணைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று, சத்தமில்லாமல் ஒரு மைனஸ் போட்டிருக்கிறார். மைனஸுக்கு மைனஸ் பிளஸ் ஆகிவிட்டது.

சாருக்குப் போன் செய்தேன். மாட்டுங்காவில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார், எடுக்கவில்லை. நாதஸ்வரத்துக்கு நடுவே எடுத்திருந்தாலும் "சார், நீங்க தப்பு பண்ணிட்டீங்க" என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. அதனால் நேராகத் தளத்து மராத்திக்காரருக்குப் போட்டேன். சாரைக் காட்டிக்கொடுக்காமல் பேச வேண்டும் என்று முன்பே இரண்டு தடவை ஒத்திகை பார்த்திருந்தேன்.

"அந்த நாலு டிஷ் திருத்தத்துல பிளஸ்-மைனஸ் மாறிடுச்சு. திருப்பிப் போட்டுடுங்க."

மறுமுனையில் நோட்டுப் புரளும் சத்தம்.

"மாத்தணுமா மேடம்?"

"மாத்தணும்."

"சரி மேடம்" என்றார். குரல் கொஞ்சம் வாடியிருந்தது. "ஹோ ஜாயேகா."

அன்று மாலை கணவரிடம், ஒரு பெரிய தவறு நடக்க இருந்தது, நான் கண்டுபிடித்துத் தடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

"பாத்தியா? உன் சந்தேகத்தால ஒரு தடவையாவது லாபம்."

"இதுக்குத்தான் நான் எல்லாத்தையும் திரும்பப் பாக்கறது."

"ஒத்துக்கறேன். இனிமே கேஸுக்கும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். பிள்ளை பெற்றபின் எங்கள் வீட்டில் நான் ஒரு வாதத்தில் ஜெயித்தது அன்றுதான். அந்த வெற்றி சுமார் பதினான்கு மணி நேரம் நீடித்தது.

வெள்ளிக்கிழமை அலுவலக நாள். காலையில் சார் என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு விஷயம் சொல்லணும், தப்பா எடுத்துக்காதே. உன் பட்டியல்ல மைனஸ் விட்டுப்போச்சு. நான் போட்டு அனுப்பிட்டேன். சொல்லவேண்டாம்னுதான் பார்த்தேன், அப்புறம் அடுத்த தடவைக்கு உதவுமேன்னு..."

"சார், நான் ஏற்கெனவே போட்டிருந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"பரவாயில்ல சார். நேத்திக்குப் பார்த்துட்டேன். தளத்துக்குப் போன் பண்ணித் திருப்பிப் போடச் சொல்லிட்டேன்."

சார் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "அவர் போடறதுக்கு முன்னாடி திருப்பினாரா, இல்லையா?"

"அவர் ஏன் சார் திருப்பணும்?"

"அவர் எப்பவும் திருப்புவாரேம்மா. பம்பாய்லேருந்து வர எதையும் அவர் நம்பினதே கிடையாது."

மூவரும் போனில் சேர்ந்தோம். தளத்துக்காரர் முதலில் காற்றைப் பற்றிப் பேசினார். பிறகு கரண்ட் போய் வந்ததைப் பற்றி. சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மராத்தியில் அண்ணன் என்று விளித்து, "பாவ், நீங்க எத்தனை தடவை திருப்பினீங்க?" என்றார்.

"ரெண்டு தடவை சார். ஒரு தடவை நானா. ஒரு தடவை மேடம் சொல்லி."

"மேடம் சொன்னப்போ, நான் முன்னாலேயே திருப்பிட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மேடம் அதைக் கண்டுபிடிச்சுட்டுத்தான் மரியாதையா சொல்றாங்கன்னு நெனச்சேன் சார்."

மூன்று பேரும் விரல்விட்டு எண்ணினோம். நான் ஒன்று, சார் ஒன்று, அவர் ஒன்று, என் பேச்சைக் கேட்டு இன்னொன்று. நாலு மைனஸ். முதல் மூன்றில், தற்செயலாக, எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான்காவது என்னுடையது. நான் தடுத்ததாகப் பெருமைப்பட்ட தவறு, புதன்கிழமையே தானாகச் சரியாகி, வியாழக்கிழமை என் கையால் மறுபடி தவறாகியிருந்தது.

"அப்ப அஞ்சாவது ஒண்ணு போட்டுடலாமா சார்?" என்றேன்.

"போடலாம். ஆனா அளக்கற புரோகிராம் நீ லீவுல இருந்தப்போ மாத்தினது. அது காட்டற நம்பர் டிஷ்ஷோட தப்பா, இல்ல தப்பைத் திருத்திக் குடுத்த விடையா? தப்புன்னா மைனஸ் போடணும். விடைன்னா போடவே கூடாது."

"நீங்க என்ன நெனச்சு மைனஸ் போட்டீங்க?"

"பழைய புரோகிராம்ல போடுவோமேன்னு. நீ?"

"நானும் அப்படித்தான்."

"நானும்" என்றது போன்.

அந்தப் புரோகிராமை எழுதியவர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார். ஒரு வரி விளக்கம்கூட எழுதிவைக்காமல் போயிருந்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து நடந்த மற்றவர்களின் வேலையெல்லாம் குறைந்த அதிர்வெண்ணில். அதில் ஒவ்வொரு டிஷ்ஷும் நிலாவைவிடப் பல மடங்கு பெரிய வட்டத்தைப் பார்க்கும், பதினாறு ஆர்க்மினிட் தள்ளியிருந்தாலும் யாருக்கும் உறைக்காது. மாணவியின் வேலை மட்டும்தான் உயர் அதிர்வெண்ணில். அவளுக்கு அந்த வட்டம் நிலாவைவிடச் சிறியது. தவறு இருந்தால் அந்த நான்கு டிஷ்களும் அவளுடைய விண்மீன் மண்டலத்திலிருந்து வருவதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட வாங்காது.

வானத்தைத்தான் கேட்க வேண்டும். நாற்பது நிமிடம் போதும். ஆனால் சனிக்கிழமை பதினொன்று வரை ஒரு நிமிடம்கூடக் காலி இல்லை.

"அவளோட எட்டு மணி நேரத்துலேருந்துதான் எடுக்கணும்" என்றார் சார். "அது அவ நேரம். அவளைக் கேட்டுத்தான் எடுக்கணும்."

"யார் சார் கேக்கறது?"

அவர் என் போனை எடுத்து என் கையில் வைத்தார்.

என்ன சொல்வது என்று காகிதத்தில் எழுதிக்கொண்டேன். 'சிறு நடைமுறைச் சரிபார்ப்பு' என்று முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தேன். எங்கள் ஹவுசிங் சொசைட்டி தண்ணீரை நிறுத்தும்போது ஒட்டும் நோட்டீஸ் மாதிரி இருந்தது. நடைமுறைச் சரிபார்ப்பு என்று சொன்னால் அவள் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொள்வாள் என்றும் தெரியும். காகிதத்தை மடித்துவிட்டுப் போன் செய்து, முதல் மைனஸிலிருந்து நான்காவது மைனஸ்வரை வரிசையாகச் சொன்னேன். நான்காவதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கியது.

பின்னணியில் லோக்கல் ரயில் அறிவிப்பு கேட்டது.

"மத்லப்... அதாவது, யாருமே யாருக்கும் சொல்லல?"

"சொல்லல."

"மேடம், எங்க வீட்ல டீக்கு இப்படித்தான் சக்கரை போடுவாங்க. மம்மி போடுவாங்க, போடலேன்னு நெனச்சு பப்பா போடுவாங்க, அப்புறம் பய்யா, எங்க அண்ணன். நான் குடிக்கணும்."

சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் எழுப்பினேன்.

"நாப்பது நிமிஷம் போனா எனக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"எட்டு மணி நேரம் ஏழரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழ வரும். உன் படம் அந்த அளவுக்கு மங்கலா வரும். எடுக்காம விட்டு, தப்பு இருந்தா, பன்னெண்டுல நாலு டிஷ் உனக்குப் பாதி வேலைகூடச் செய்யாது. தப்பு இல்லாமலும் இருக்கலாம். அப்படின்னா உன் நாப்பது நிமிஷத்தை நான் வீணடிச்சிருப்பேன்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

இதுதான் எனக்கு மிகக் கஷ்டமான கேள்வி. "தப்பு இருக்குன்னு தோணுது" என்றேன். "ஆனா எனக்கு எப்பவுமே அப்படித்தான் தோணும்."

இப்போது அவள் சிரித்தாள். "சரி, எடுத்துக்கோங்க. ஆனா ஒரு கண்டிஷன். நாப்பதுன்னா நாப்பது. நாப்பத்தோராவது நிமிஷத்துல இன்னொரு தடவை பாத்துக்கலாமான்னு கேக்கக்கூடாது. உங்க சார் உங்களப் பத்திச் சொல்லியிருக்காரு."

சார் அடுத்த மேசையில் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினார்.

சனிக்கிழமை கணவருக்கு ஷிஃப்ட். அக்கா எனக்காக வந்திருந்தார். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லோரும் போனில் சேர்ந்தோம்: தளத்துக்காரர், மாணவி, நான். சார் நான்காவதாகச் சேர்ந்து, "நான் ஒண்ணையும் தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்தார்.

ஒழுங்காக இருந்த எட்டு டிஷ்களும் மூலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. நான்கு மட்டும் கீழிருந்து மேலாக நகர்ந்தன. அக்கா என் பின்னால் குழந்தையோடு நின்று திரையைப் பார்த்தார்.

"எது நட்சத்திரம்?"

"அது தெரியாதுக்கா. அந்தக் கோடு இருக்குல்ல, அது மலை மாதிரி ஏறும். உச்சி நடுவுல வந்தா நல்லது."

"நடுவுலயா? அது ஓரத்துலல்லா ஏறிக்கிட்டு கெடக்கு."

அவர் சொன்னதுதான் முதல் அறிவிப்பு. நான்கு மலைகளும் ஓரத்தில் ஏறின. உச்சி பதினாறில். பதினைந்தரை, பதினாறு, பதினாறு, பதினாறேகால்.

அரைமணி நேரம் ஆகியிருந்தது. என் தவறு உறுதியானதில் எனக்கு வந்த நிம்மதியைச் சொன்னால் நம்பமாட்டார்கள். தவறு இல்லை என்று வந்திருந்தால் அளந்த முறையைச் சந்தேகித்திருப்பேன்.

"மேடம்" என்றார் தளத்துக்காரர், "அஞ்சாவது மைனஸ் நான் போடறேன். எல்லாரும் கேளுங்க. இப்ப போடறேன். போட்டாச்சு. வேற யாரும் போடாதீங்க."

"நான் போடல" என்றார் சார்.

"நானும் போடல" என்றேன்.

"என்கிட்ட பாஸ்வேர்டே இல்ல" என்றாள் மாணவி.

மிச்சமிருந்த நேரத்தில் வேகமாக ஒரு சுற்று. முதல் டிஷ்ஷின் மலை நடுவில் வந்தது. இரண்டாவது, மூன்றாவது, நடுவில். நான்காவது மட்டும் இரண்டு ஆர்க்மினிட் விலகி நின்றது. வெயிலாக இருக்கலாம். அவசரமாக அளந்ததாலும் இருக்கலாம். அவளுடைய அதிர்வெண்ணில் இரண்டு ஆர்க்மினிட் விலகினால் நூறில் இரண்டு பங்கு சிக்னல்தான் குறையும். இதை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் ஆறு நிமிடம் கிடைத்தால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி அளந்துவிடலாம்.

"மேடம், அந்தக் கடைசி டிஷ்ஷை இன்னொரு தடவை?" என்று தளத்துக்காரரே கேட்டார். அவருக்கும் உறுத்தியிருக்கிறது. மாணவி ஒன்றும் சொல்லவில்லை. சாரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாமல் இருப்பது எனக்குக் காதில் விழுந்தது.

"வேண்டாம்" என்றேன். "அவங்க நேரம். ஆரம்பிங்க."

டிஷ்கள் மூலத்தை விட்டுத் திரும்பத் தொடங்கின. அவை திரும்ப நேரமாகும். அந்த அமைதியில் சார் தொண்டையைக் கனைத்தார். "முப்பத்தொம்போதுல விட்டுட்டியேம்மா. உடம்பு சரியா இருக்கா?"

மாணவியின் விண்மீன் மண்டலத்துக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு பிரகாசமான மூலத்தை முதலில் பார்ப்பது முறை. டிஷ்கள் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று அதில் தெரியும். திரையில் ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் ஒரு கோடு. அவள் வாய்விட்டு எண்ணினாள். ஒன்பதில் கொஞ்சம் நின்றாள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரைதான் அந்த நான்கும்.

"ஒம்போது. பத்து. பதினொண்ணு." மூச்சு விட்டாள். "பன்னெண்டும் இருக்கு மேடம். எல்லாம் ஒரே ஒசரம். கடைசி மட்டும் துளி கம்மி."

"அது ரெண்டு ஆர்க்மினிட். வேணும்னா நாளைக்கு..."

"மேடம்."

"சரி."

"தேங்க்ஸ். நெஜமா. இப்ப நீங்க லேப்டாப்பை மூடுங்க. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அக்கா குழந்தையை என் மடியில் வைத்தார். "மூடச் சொல்லுதால்லா, மூடுங்க. புள்ளைக்குக் கஞ்சி நேரமாச்சு."

முக்கால்வாசி மூடினேன்.